முதல் மேசை – அத்தியாயம் 14: அர்த்தம் தெரியாத சொல்

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குக் கெசியா கூரை மேல் இருந்தாள். கீழே அவளுடைய வருங்கால மாமியார் நின்றுகொண்டிருந்தாள்.

போன செவ்வாய்க்கிழமை கெசியா செய்த காரியம் உங்களுக்கு நினைவிருக்கும். எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஆட்டமான ஸ்கிராபிளுக்குக் கெண்டல் ஊரில் இருக்கும் கிளப்பின் அறிவிப்புப் பலகையில், 'முதல் மேசைக்குப் போட்டியிடுபவர்' என்ற வரிக்கு எதிரே தன் பெயரை எழுதினாள். வருடத்துக்கு ஒரு முறை, மார்ச் மாதத்தில், அணித் தலைவரின் இடத்துக்கு உறுப்பினர் யார் வேண்டுமானாலும் போட்டியிடலாம். ஒரே ஆட்டம். வென்றவர் முதல் மேசையில் உட்கார்ந்து ஹாரோகேட்டில் நடக்கும் போட்டிக்கு அணியை அழைத்துப் போவார். சமனில் முடிந்தால் இடம் பழையவருக்கே.

பழையவர் நெவில் கார்ட்மெல். பத்தொன்பது வருடமாக அந்த நாற்காலியை விடாதவர். அவர் மகன் ரோவனுக்கும் கெசியாவுக்கும் இன்னும் மூன்று வாரத்தில் கல்யாணம்.

"எறங்கி வா கண்ணு. பேக்கன் பன் கொண்டாந்திருக்கேன்," என்றாள் லினெட்.

"வாளியில போடுங்க லினெட். கயித்துல இழுத்துக்கிறேன்."

"வாளியில போட்டு அனுப்புற விஷயம் இல்ல இது."

கெசியா சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் இறங்கினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. இருவரும் வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

வேனின் முன்பலகை முழுக்கச் சொற்கள். சின்னச் சின்ன மஞ்சள் தாள்களில், ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அதன் அர்த்தம். ஓயி: ஃபாரோ தீவுகளின் பக்கம் அடிக்கும் சுழல்காற்று. மியூஸ்: முயல் நுழைந்து நுழைந்து வேலியில் உண்டாக்கிய வழி. கூரைகளுக்கு ஸ்லேட் பலகை அடிப்பது அவள் தொழில்; ஒரு கூரையிலிருந்து அடுத்ததற்கு வண்டி ஓட்டும்போது படித்தவை. அர்த்தம் தெரியாமல் எந்தச் சொல்லையும் அவள் மேசையில் வைத்ததில்லை. கிளப்பில் அது ஒரு வேடிக்கை.

நெவிலுக்கு மட்டும் அது வேடிக்கையாக இல்லை. "அர்த்தத்துக்கு எவனும் பாயின்ட் குடுக்க மாட்டான்," என்று ஒவ்வொரு வாரமும் சொல்வார். கெசியா கிளப்பில் சேர்ந்த முதல் நாள் அவர் 'ஸாக்ஸ்' என்று ஒரு சொல்லை வைத்து ஐம்பத்தேழு பாயின்ட் எடுத்தார். "எங்க வேன்ல ஒண்ணு கெடக்கு, வேணுமா?" என்று அவள் கேட்டாள். அது ஸ்லேட் வெட்டும் கத்தி. இருபது வருடமாக அந்தச் சொல்லை வைத்து ஆடியவருக்கு அது ஒரு பொருள் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

லினெட் பன்னை எடுத்துக் கொடுத்தாள். கெசியா கடிக்கும்வரை காத்திருந்தாள்.

"இன்னிக்கு நீ தோத்துடு," என்றாள்.

கெசியா மென்றுகொண்டே இருந்தாள்.

"நான் சும்மா கேக்கல. அவரு கடைசியா தோத்தப்போ ரோவனுக்கு ஒம்பது வயசு. பதினோரு வாரம் என்கூடப் பேசல. மேசையில உப்பு வேணும்னா, 'உங்கம்மாவ உப்ப நகத்தச் சொல்லு'ன்னு பையன்கிட்ட சொல்லுவாரு. இப்ப ரோவனும் வீட்டுல இல்ல. உப்ப யாருகிட்ட கேப்பாரு?"

"எழுந்து எடுத்துக்கட்டும்."

"சிரிப்பா இருக்கும் உனக்கு. கல்யாணத்துல மனுஷன் எழுந்து நாலு வார்த்தை பேசணும். பேச மாட்டாரு. போட்டோவுல மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு நிப்பாரு. அந்தப் போட்டோ உன் வீட்டுச் சுவத்துலதான் முப்பது வருஷம் தொங்கும்."

"லினெட், அது ஒரு ஆட்டம்."

"ஆட்டம்னா மண்டபத்தோட முடிஞ்சுடணும். இது வீட்டுக்கு வரும். எனக்குப் பக்கத்துல வந்து படுக்கும்." லினெட் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "அடுத்த வருஷம் நீ ஜெயிச்சுக்கோ. கல்யாணம் முடிஞ்சு வர்ற மார்ச். யாரு வேண்டாங்கிறா? நான் கேட்டேன்னு மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாம்."

அவள் இறங்கிப் போனாள். கெசியா மீதிப் பன்னையும் சாப்பிட்டு முடித்தாள். பிறகு மேலே ஏறி, பதினோரு மணிவரை பலகை அடித்தாள். ஒன்றுகூட உடையவில்லை.

நெவில் அன்று காலை இரண்டு முட்டை சாப்பிட்டார். சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டார். லினெட் வீட்டுக்குள் நுழைந்தபோது ஷூவுக்குப் பாலிஷ் போட்டபடி விசில் அடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க போயிருந்த?"

"கடைக்கு."

"பை காலியா இருக்கு."

"கடையும் காலிதான்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. மனம் வேறு இடத்தில் இருந்தது.

"அந்தப் பொண்ணு நல்லா ஆடுறா லின். போன வாரம் நம்ம கிளப் பீட்டரை நூத்தி முப்பது பாயின்ட் வித்தியாசத்துல அடிச்சா. எனக்கு ராத்திரி தூக்கமே வரல."

"பயமா?"

"பயமா? ரொம்ப நாளாச்சு இப்படி இருந்து. சின்னப் பையனா கிறிஸ்மஸுக்குக் காத்திருந்த மாதிரி." ஒரு ஷூவைக் கீழே வைத்து மற்றதை எடுத்தார். "ஜெயிப்பேன். ஆனா வேர்த்துத்தான் ஜெயிக்கணும்."

லினெட் வாயைத் திறந்தாள். பிறகு சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தாள்.

இரண்டு மணிக்கு சபை மண்டபத்தில் இருபது பேர் கூடிவிட்டார்கள். வழக்கமாகப் பதினான்கு பேர்தான் வருவார்கள். டீ பாய்லர் லினெட்டின் பொறுப்பு. சமையலறைக்கும் மண்டபத்துக்கும் நடுவே இருந்த பெரிய ஜன்னலுக்குப் பின்னால் அவள் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ரோவன் பின்வரிசையில் இஞ்சி கேக்கோடு உட்கார்ந்திருந்தான்.

"நீ யாரு பக்கம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"கேக் பக்கம்," என்றான் ரோவன். "மூணு வாரத்துக்கு எனக்கு வேற கட்சி கிடையாது."

ஐவர் என்ற பெயர்கொண்ட நடுவர் கடிகாரத்தை மேசை மேல் வைத்தார். ஆளுக்கு இருபத்தைந்து நிமிடம். "பேச்சு கூடாது, கட்டை எடுக்கிறப்போ பைக்குள்ள பாக்கக் கூடாது, பைய கண்ணு மட்டத்துக்குத் தூக்கிப் பிடிக்கணும். ரெண்டு பேருக்கும் தெரிஞ்சதுதான். இருந்தாலும் சொல்லணும்."

"சொல்லிட்டல்ல, ஓரமா போ," என்றார் நெவில்.

ஆட்டம் தொடங்கியது.

முதல் நான்கு முறையும் இருவரும் அளந்து ஆடினார்கள். கெசியா 'மியூஸ்' வைத்தாள். நெவில் 'டைஸ்டி' வைத்தார். வடகடலின் பாறைகளில் முட்டையிடும் கறுப்புப் பறவை அது. அவருக்கு அது பதினெட்டு பாயின்ட். கெசியாவுக்குப் பறவையின் சிவந்த கால்கள்கூடக் கண்ணில் தெரிந்தன.

ஐந்தாவது முறைக்குப் பையில் கைவிட்டு எடுத்தாள். கட்டைகளைத் தாங்கியில் வைத்தாள். வழக்கம்போல ஏழு எழுத்தையும் தன் மதிப்பெண் தாளில் ஓரமாகக் குறித்துக்கொண்டாள். கையில் இருப்பதை முதலில் எழுது, அப்புறம் யோசி என்பது நெவில் கிளப்புக்குப் பழக்கிய பாடம். எழுதி முடிப்பதற்குள் சொல் தெரிந்துவிட்டது.

எட்டீரியோ. ராஸ்பெர்ரி மாதிரி, சின்னச் சின்ன மணிகள் ஒட்டிச் சேர்ந்து ஒரே பழமாக ஆவது. ஏழு கட்டையும் ஒரேயடியாகப் போகும். ஐம்பது பாயின்ட் கூடுதல். பலகையில் இடமும் திறந்து கிடந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலுக்குப் பின்னால் லினெட் ஒரு கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே உலர்ந்திருந்தது. மறுபடியும் துடைத்தாள்.

கெசியா நான்கு கட்டைகளை மட்டும் எடுத்து ஓர் ஓரத்தில் வைத்தாள். எட்டுப் பாயின்ட். கடிகாரத்தை அழுத்தினாள்.

நெவில் ஒரு கணம் பலகையைப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. பிறகு குனிந்துவிட்டார். மூன்று நிமிடம் அசையவில்லை. உதடுகள் மட்டும் முணுமுணுத்தன. சட்டென்று ஆறு கட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். மூன்று சொற்களை ஒரே நேரத்தில் தொட்டுக்கொண்டு போகும் ஆட்டம். நாற்பத்து நான்கு. அவர் அவளைப் பார்க்கவில்லை, கூட்டத்தையும் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்துச் சிரித்தார்.

கெசியாவுக்குக் காது சுட்டது.

கூரையில் விரிசல் விட்ட ஸ்லேட் பலகை என்று தெரிந்தே அதன் மேல் அடுத்ததை வைத்து மூடும் ஆட்கள் உண்டு. முதல் பனிக்காலம்வரை யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்டவர்களோடு அவள் அப்பா வேலை செய்ததில்லை. அவளும் செய்ததில்லை. எதிரே ஒரு மனிதர் முழு மூச்சோடு ஆடிக்கொண்டிருந்தார். அவருக்கு அவள் விரிசல் பலகையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அவள் எண்பது பாயின்ட் பின்னால் இருந்தாள். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டாள்.

அடுத்த அரை மணி நேரத்தில் நடந்ததை கெண்டல் கிளப்பில் இன்னும் பேசுகிறார்கள். முதலில் ஏழு கட்டையையும் இறக்கினாள். நெவில் பதிலுக்கு இறக்கினார். அவள் மறுபடி இறக்கினாள். ரோவன் கேக்கை வாய்க்குக் கொண்டுபோகும் வழியில் மறந்துவிட்டான். பை காலியாகி, கையிலும் சில கட்டைகளே மிஞ்சியபோது நெவில் நானூற்று இரண்டு. கெசியா முந்நூற்று எழுபத்தாறு. அவள் முறை.

நெவிலிடம் ஒரே ஒரு கட்டை மிச்சம். ஆட்டம் முழுக்கப் பலகைக்கு வந்த ஒவ்வொரு எழுத்தையும் தன் தாளில் அடித்துக்கொண்டே வந்ததால், அவளிடம் என்ன மிச்சம் என்பதும் அவருக்குத் தெரியும். வி, ஐ, டி, யூ. நான்கு முரட்டு எழுத்துகள். எங்கே வைத்தாலும் பதின்மூன்று பாயின்ட்டுக்கு மேல் வராது. அவர் பேனாவை மூடி பாக்கெட்டில் செருகிவிட்டார்.

பலகையின் வலது பக்கம் அவரே வைத்த சின்னச் சொல் ஒன்று கிடந்தது. 'ஏஜ்'. வயது. கெசியா அதன் முன்னால் நான்கு கட்டைகளையும் வரிசையாக வைத்தாள்.

விட்யுயேஜ்.

"இருபத்தி நாலு," என்றாள்.

நெவில் பேனாவை மறுபடி எடுத்தார். இருபத்து நான்கைக் கூட்டினால் நானூறு. அவர் கையில் மாட்டிக்கொண்ட கட்டைக்காக அவளுக்கு இன்னும் இரண்டு. நானூற்று இரண்டுக்கு நானூற்று இரண்டு. சமன். சமன் என்றால் இடம் அவருக்கே. "சரி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருபதாவது வருடம் ஆரம்பம்.

அவர் சொல்லவில்லை. அந்தச் சொல்லை அவர் பார்த்ததே இல்லை.

"என்ன இது?"

"வார்த்தை."

"அது தெரியுது. அர்த்தம் என்ன?"

நெவில் கார்ட்மெல் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டதை அங்கே யாரும் பார்த்ததில்லை.

"ஆட்டத்துக்கு நடுவுல அர்த்தம் கேக்கக் கூடாதுன்னு நீங்கதான் செவுத்துல எழுதி ஒட்டியிருக்கீங்க," என்றாள் கெசியா.

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது."

உண்மைதான். முன்னால் எழுத்து சேர்க்கக்கூடிய சொற்கள் என்று ரோவன் நாற்பது சொல் அச்சடித்துக் கொடுத்திருந்தான். முப்பத்தொன்றுக்கு அர்த்தம் பார்த்துவிட்டாள். மீதியைப் பார்க்க வேண்டிய மாலையில் கல்யாணக் கவுனுக்கு அளவு எடுக்கப் போய்விட்டாள். வெறும் எழுத்தாக மட்டும் மனதில் நின்ற ஒன்பதில் இது ஒன்று.

நெவில் வேறு கணக்குப் போட்டார். இந்தப் பெண்ணுக்குத் தெரியாது என்றால் இப்படி ஒரு சொல் இல்லை. அர்த்தம் தெரியாமல் இவள் ஒரு கட்டையைக்கூட நகர்த்த மாட்டாள். வேறு வழியில்லாமல் சும்மா வைத்துப் பார்க்கிறாள். இப்படி ஒரு பொய்ச் சொல்லோடு சமன் செய்து நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்வதா? அவர் ஜெயிக்க வந்தவர்.

கடிகாரத்தை நிறுத்தினார். "சேலஞ்ச். இப்படி ஒரு சொல்லே கிடையாது."

"நெவில்," என்றார் ஐவர் மெல்ல. "தப்பாப் போனா அஞ்சு பாயின்ட் அவங்களுக்கு."

"அந்த விதிய எழுதினப்போ நான் பக்கத்துல இருந்தேன், ஐவர்."

இருவரும் எழுந்து மூலையில் இருந்த கம்ப்யூட்டரிடம் போனார்கள். நெவில் ஏழு எழுத்தையும் ஒற்றை விரலால் தட்டினார். கெசியா சரிபார்த்துத் தலையாட்டினாள். அவர் பொத்தானை அழுத்தினார்.

திரை பச்சையானது. சொல் செல்லும்.

யாரும் கை தட்டவில்லை. நானூற்று ஏழுக்கு நானூற்று இரண்டு.

பின்வரிசையில் ரோவன் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பா, அர்த்தம் வேணுமா?"

"சொல்லு."

"கைம்பெண்ணா இருக்கிற காலம்." ரோவன் தொண்டையைச் செருமினான். "கல்யாணத்துக்கு மூணு வாரம் இருக்கு. நான் இனிமே எந்த ஏணியிலயும் ஏற மாட்டேன்."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. லினெட் சிரிக்கவில்லை. துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு கணவனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெவில் திரும்பி நடந்தார். மேசைக்கு வந்தார். கையை நீட்டினார்.

"நல்லா ஆடின. ரொம்ப நல்லா ஆடின."

கெசியா கையைப் பிடித்தாள். "அந்த நாப்பத்தி நாலு. அந்த மாதிரி ஆட்டத்த நான் பாத்ததே இல்ல, நெவில்."

"நானும்தான் பாத்ததில்ல." அவர் முகம் சிவந்திருந்தது. நெற்றியில் வேர்வை. "ஹாரோகேட்டுல நீ முதல் மேசை. நான் ரெண்டாவது. வழியில வண்டிய நீ ஓட்டு, நான் வார்த்தை கேக்குறேன். அர்த்தத்தோட."

"அப்பா பேசுறாரு," என்றான் ரோவன். "யாராவது தேதியக் குறிச்சு வைங்க."

லினெட்டின் தோள் இறங்கியது. பாய்லரைத் திறந்து முதல் கோப்பையை நிரப்பினாள்.

இனி ஒரே ஒரு வேலை பாக்கி. ஆட்டம் முடிந்ததும் இருவரும் மதிப்பெண் தாளை மாற்றிக்கொண்டு, கூட்டல் சரிபார்த்து, கையெழுத்துப் போட வேண்டும். கெசியா தாளைத் தள்ளினாள். நெவில் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு விரலை வரிவரியாக நகர்த்தினார்.

விரல் ஐந்தாவது வரியில் நின்றது.

அப்போதுதான் கெசியாவுக்கு உறைத்தது. அவள் தாளை இழுக்கப் பார்த்தாள். அவர் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார்.

"ஏ, ஈ, ஈ, ஐ, ஓ, ஆர், டி," என்று வாசித்தார். "இத கையில வச்சுட்டா எட்டுப் பாயின்ட் எடுத்த?"

"கண்ணுல படல."

"பொய் சொல்லாதம்மா. கிறிஸ்மஸுக்கு எங்க வீட்டுக்கு வந்தப்போ ராஸ்பெர்ரிக் கிண்ணத்தக் காட்டி நீதான் எனக்கு அந்தப் பேரச் சொன்ன. உன் பேர்கூட உனக்கு மறக்கும், இது மறக்காது."

கெசியா தாளிலிருந்து கையை எடுத்தாள்.

"நீயா இப்படிச் செய்யிற ஆளு இல்ல. யாரு கேட்டா?"

அவள் கட்டைகளைப் பைக்குள் போட ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாக. ஜன்னல் பக்கம் பார்க்காமல் இருக்க அவ்வளவு பாடுபட்டாள். அதுவே போதுமாக இருந்தது. நெவில் தலையைத் திருப்பினார்.

லினெட் கோப்பையைக் கீழே வைத்தாள். "நான்தான் நெவ். அவள ஒண்ணும் சொல்லாத. கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு நெனச்சேன்."

"என்னைய ஜெயிக்க வைக்கச் சொன்னியா?"

"ஆமா."

"நீ வேண்டாம்னு நெனச்சதையும் மீறி அவ ஜெயிச்சா. அது சரி. அது எனக்குச் சந்தோஷம்." குரல் உயரவில்லை. எழுந்து ஜன்னலை நோக்கி இரண்டு அடி வைத்தவர், பாதியில் நின்றார். அவருக்குள் ஏதோ ஒரு கணக்கு மெதுவாகக் கூடிக்கொண்டு வந்ததுபோல் இருந்தது. "லின். இந்த ஒரு தடவதானா?"

அறையின் மறுகோடியில் நடுவர் ஐவர் திடீரென்று நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார். ஐவர் மூன்று வருடம் அந்த இடத்துக்குப் போட்டியிட்டவர்.

"டீ ஆறுது," என்றாள் லினெட்.

"ஆறட்டும். பத்தொம்பது வருஷம். என் எதிர உக்காந்த எல்லாரையும் கேட்டியா?"

ரோவன் எழுந்து நின்றான். "அம்மா?"

லினெட் துண்டை நான்காக மடித்தாள். எட்டாக மடித்தாள். அதற்கு மேல் அது மடியவில்லை.

"எல்லாரையும் இல்ல," என்றாள்.

நெவில் திரும்பி வந்து கெசியாவின் மதிப்பெண் தாளை எடுத்தார். ஒரு நாற்காலியை ஜன்னலுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தாளைப் பின்பக்கம் திருப்பி முழங்காலில் வைத்துக்கொண்டு, பேனாவின் மூடியைத் திறந்தார்.

"முதல் வருஷத்துலேர்ந்து ஆரம்பி," என்றார். "பேரச் சொல்லு."